கைதியின் கையெழுத்து

"அவன்தான் ஒப்புக்கொண்டானே, கையெழுத்தும் போட்டானே!" என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: சாவி யார் கையிலே? காசு யார் கையிலே?

அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரம். சுதந்திரப் பிரகடனம் பிறந்த நகரம்! அங்கேதான் ஹோம்ஸ்பர்க் சிறை. 1951 முதல் 1974 வரை அச்சிறையிலே மனித உடல் மீது சோதனைகள் நடைபெற்றன. நடத்தியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். கம்பெனிகள் பணம் தந்தன. கைதிகள் தோலைத் தந்தனர். களிம்பு முதல் டயாக்சின் எனும் கொடிய நஞ்சு வரை பூசிப் பார்த்தனர். பூசுவது இன்னதென்று பலருக்குச் சொல்லவேயில்லை.

ஏன் இணங்கினர்? சிறை வேலைக்கு நாளொன்றுக்குச் சில சென்டுகள். சோதனைக்கோ பல டாலர்கள்! ஜாமீன் கட்டக் காசின்றி, விசாரணைக்குக் காத்துக்கிடந்தோர் பலர். பெரும்பாலோர் கறுப்பினத்து ஏழைகள். வறுமை பேனாவை நீட்டிற்று, வாசல் பூட்டியிருந்தது. அதற்குப் பெயர் சம்மதமா?

ஆராய்ச்சி வேண்டாமென்றா சொல்கிறோம்? இல்லை. அறிவியல் வளரட்டும், அநீதி வேண்டாம் என்கிறோம். 1978-லே அமெரிக்க அரசே விதி வகுத்தது: ஆபத்தை எடைபோட முடியாதபடி ஆசை காட்டாதே, விடுதலையைத் தூண்டிற்புழு ஆக்காதே, அனுமதி தரும் குழுவிலே கைதியோ, கைதிக்காகப் பேசுபவரோ இருக்கட்டும்! 2022-லே அந்நகரம் மன்னிப்பும் கேட்டது.

பட்டறையிலே பாடுபடும் தோழனே! பசித்த வயிற்றோடு பேசும் பேரம் எத்தகையது என்பது உனக்குத் தெரியும். 'முடியாது' என்று சொல்லக்கூடியவன் சொல்லும் 'சரி'தான் சம்மதம், மற்றது சரணாகதி!