சொல்வதும் ஒரு வேலைதான்!

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, என் தங்கை குக்கரின் அடியில் தண்ணீர் விடாமலே அடுப்பில் ஏற்றிவிட்டாள். தீய்ந்த வாசனை வந்து மாமியார் ஓடிப் போய் அணைத்தாராம். நல்லவேளை, சேஃப்டி வால்வு போனதோடு சரி.

அன்று இரவு போனில் அழுதாள். "அக்கா, எனக்கு என்னமோ ஆயிடுச்சு. ஞாயிற்றுக்கிழமை பூரா தூங்கினாலும் அலுப்பு போகலை. ஆபீஸ் வாசலைப் பார்த்தாலே எரிச்சல் வருது. குழந்தை பக்கத்துல வந்தாக்கூட 'போ அந்தப் பக்கம்'னு சொல்லிடறேன்."

"நாலு நாள் லீவு போட்டுட்டு இங்கே வா" என்றேன். வந்தாள். வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், தூங்கினாள், முகம் தெளிந்தது. ஊருக்குப் போன மூன்றாம் நாளே பழைய குருடி கதவைத் திறடி கதைதான்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாரத்தைக் குறைக்காமல், சுமக்கிறவளை மட்டும் நாலு நாள் உட்கார வைத்தால் என்ன பயன்?

தீராத அசதி, வேலையில் ஒட்டாத மனசு, 'நம்மால் எதுவும் உருப்படியாக முடியவில்லை' என்ற எண்ணம் - இந்த மூன்றையும் வேலை நெருக்கடியால் வரும் பாதிப்பின் அடையாளங்களாக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் விளக்கியிருக்கிறது. அது ஆபீஸ் வேலையைப் பற்றி மட்டுமே சொன்னது. நமக்கோ வீட்டிலும் ஒரு ஆபீஸ் உண்டே! மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காகச் செலவிடுவது சராசரியாக நாளொன்றுக்கு 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள்.

முதலில் தங்கையை டாக்டரிடம் போகச் சொன்னேன். எல்லா அலுப்பையும் மனசின் மேல் போட்டுவிடக் கூடாது. ரத்தசோகை, தைராய்டு கோளாறுகூட இப்படிப் படுத்தும். அவளுக்கு ஹீமோகுளோபின் 9 கிராம்தான் இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதைக் காபி, டீயோடு சேர்த்து விழுங்கக் கூடாது, சத்து உடம்பில் சேராது.

பிறகு, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், விடிந்ததிலிருந்து படுக்கிற வரை வீட்டில் நடக்கும் வேலைகளை எல்லாம் எழுதச் சொன்னேன். இரண்டு தாள் நிரம்பியது! அவள் கணவர் பார்த்துவிட்டு, "சொன்னா நான் செய்ய மாட்டேனா?" என்றாராம். நல்ல மனுஷர்தான். ஆனால் எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டே இருப்பதும் ஒரு வேலைதானே? அது எந்தத் தாளிலும் வருவதில்லை.

ஆகவே 'உதவி' என்ற பேச்சையே விட்டுவிட்டு, சில வேலைகளை முழுசாகவே அவரிடம் கொடுத்துவிட்டாள். ராத்திரிச் சமையல், மளிகை, காஸ், மாமியாரின் மாத்திரைகள் - தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது முதல் வாங்கி வைப்பது வரை அவர் பொறுப்பு. மாமியாருக்கு முதலில் பிடிக்கவில்லை. "ஆம்பிளை கையில கரண்டியா?" என்று முணுமுணுத்தார். தோசை கோணலாக வந்தது. ஒரு தரம் உப்பே இல்லாத சாம்பார்! தங்கை வாயைத் திறக்கவில்லை. குறை சொன்னால் வேலை நம்மிடமே திரும்பி வந்துவிடும், சகோதரிகளே!

ஆபீசிலும், "ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள்" என்று பணிவாகச் சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் மனசு சோர்ந்தே கிடந்தால், தூக்கம் கெட்டால், டாக்டரிடம் சொல்லத் தயங்காதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

தங்கைக்கு இன்னும் சில நாள் அலுப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் தூங்கி எழுந்தால் போய்விடுகிறது. இன்று ராத்திரி நீங்களும் ஒரு காலண்டர் தாளைக் கிழியுங்களேன்!