கொடுமுடி கோகிலம்

சென்ற ஆண்டு எம் ஊராகிய செம்பரம்பாக்கத்தில் நிகழ்ந்த திருவிழாக் கூத்தின்போது, நள்ளிரவில் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் ஒருங்கே அவிந்தன. இளைய கூத்தர் குரல் நான்கு வரிசைக்கு அப்பாற் செல்லவில்லை. முதிய கூத்தரோ சிறிதும் தயங்காது பாடினார். கூட்டத்தின் கடைசியில், ஏரிக்கரையோரம் நின்ற எம் செவிக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவுற எட்டியது. கருவியின் துணையின்றி ஒரு குரல் இத்துணைத் தொலைவு செல்வது எங்ஙனம் என்னும் வினா அன்று எம் உள்ளத்தில் எழுந்தது. அதற்கு விடை தேடப் புகுந்த எமக்கு வழிகாட்டியது, கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் வாழ்க்கை.

ஜெர்மானிய தேசத்தார் ஆப்பெரா எனப்படும் இசைநாடகத்தைப் பெரிதும் போற்றுவர். பல்லியம் முழங்க, அதனையும் கடந்து தம் இயற்கைக் குரல் அரங்கின் கடைக்கோடிவரை செல்லுமாறு பாடுதல் அங்குள்ள பாடகரின் மரபு. நம் நாட்டு இசைநாடகமும் அதற்கு இளைத்ததன்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலியோர் இயற்றிய நாடகங்களில் பாட்டே உயிர்நாடி. நடிப்பவரே பாடுதல் வேண்டும். கொட்டகையில் மக்கள் நெருங்கியிருப்பர், ஒலிபெருக்கி இராது. ஆதலின் சுருதி உயர்ந்திருத்தல் இன்றியமையாததாயிற்று. ஆர்மோனியக் கட்டைகளைக்கொண்டு சுருதியை அளப்பது நம்மவர் வழக்கு. ஆடவர் பொதுவாக ஒன்று, ஒன்றரைக் கட்டையிற் பாடுவர். நாடகமேடையினரோ நான்கு, ஐந்து கட்டைக்கு ஏறுவர். உயர்ந்த ஒலி கூட்டத்தின் இரைச்சலை ஊடறுத்துச் செல்லும். அவ்வளவு உயரத்திலும் சொல் சிதையாது நிற்பதே பயிற்சியின் பயன்.

இப்பயிற்சியைச் சுந்தராம்பாள் வறுமையின் மடியிற் பெற்றார். காவிரிக்கரைக் கொடுமுடியிற் பிறந்த அவர், இரயில் வண்டியிற் பாடிக் காசு பெற்ற சிறுமி. அக்குரலின் அருமை அறிந்தோர் உதவியால் வேலு நாயர் நாடகக் குழுவிற் சேர்ந்து, சிறுவர் வேடங்களில் தொடங்கி முதன்மை நடிகையாக உயர்ந்தார். இலங்கையிலும் அவர் புகழ் பரவிற்று. உச்ச சுருதியில் ஒப்பற்று விளங்கிய செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் அவரும் இணைந்து நடித்த வள்ளி திருமணத்தைக் காண மக்கள் திரண்டனர். 1927ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். ஆயினும் அவ்வாழ்வு நீடிக்கவில்லை. 1933 டிசம்பர் 2ஆம் நாள், தம் 27ஆம் வயதிற் கிட்டப்பா காலமானார்.

கணவனை இழந்த பெண் மீண்டும் வள்ளியாகவோ, பிறளொரு காதல் தலைவியாகவோ மேடையேறுதலை அக்காலச் சமூகம் பொறாது. அம்மையாரும் அதனை விரும்பினாரல்லர். வெள்ளாடை உடுத்தார், எந்த ஆடவர்க்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். அத்துடன் அவர் கலைவாழ்வு முடிந்தது என எவரும் எண்ணியிருப்பர். ஆனால் 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில், ஆண்வேடம் பூண்டு நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளில் அது கேட்டறியாத தொகை.

இதன்பின் அவர் ஏற்ற வேடங்களைத் தமிழ் பயிலும் நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். 1940இல் மணிமேகலை, 1953இல் ஜெமினி நிறுவனத்தாரின் ஔவையார், 1964இல் பூம்புகார் படத்திற் கவுந்தி அடிகள், 1973இற் காரைக்கால் அம்மையார். இவர் அனைவரும் இல்லற இன்பத்தைக் கடந்து, சொல்லாலும் அறத்தாலும் உலகை நடத்திய பெண்டிர். சமூகம் ஒரு கைம்பெண்ணின் வாயை அடைக்கக் கருதிய வெள்ளாடையையே, அவர் இப்பெண்டிரின் கோலமாக மாற்றிக்கொண்டார். அவர்க்கு உலகம் அடைத்த வாயிலைத் தமிழிலக்கியம் திறந்துவிட்டது எனலாம்.

அக்குரல் அரங்கோடும் நின்றுவிடவில்லை. காங்கிரஸ் மேடைகளில் விடுதலைக்காகப் பாடிய அவர், 1951இற் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராயினார். துணைவன் (1969) படத்திற் பாடியமைக்குத் தேசிய விருதும், 1970இற் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1980இல் இவ்வுலகு நீத்தார்.

இவற்றை அறிந்தபின் எமக்கு ஒரு நாணம் உண்டாயிற்று. சிலப்பதிகாரத்தை யாம் கண்ணாற் படித்திருந்தோமேயன்றிக் காதாற் கேட்டிலோம். கவுந்தி அடிகள் எமக்குத் தேர்வில் எழுதும் ஒரு பெயராகவே இருந்தார். பூம்புகாரில் அம்மையாரின் குரலைக் கேட்ட அன்றே, கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாகக் கொடிய காட்டைக் கடந்த ஒரு மூதாட்டி எம் கண்முன் நின்றார். எழுத்தாய்க் கிடப்பது, குரல் பெற்றபோதே உயிர் பெறுகின்றது.

ஆதலின் இப்பொழுது விடுமுறை நாட்களில், விடியற்காலையில் ஏரிக்கரை மேல் நின்று, தொழிற்சாலைப் பேருந்துகளின் ஓசைக்கு நடுவே, சிலப்பதிகாரத்தை வாய்விட்டுப் படித்து வருகின்றோம். குரல் இன்னும் நான்கு வரிசை அளவே செல்கின்றது.