காட்டுக்குப் போகும் வழி – 4: கொசு கடிக்கும் நேரம்

சென்ற வாரம் பயணச்சீட்டையும் கென்யாவின் மின்னியல் பயண அனுமதியையும் பார்த்தோம். அதற்குப் பிறகு பலரும் என்னிடம் கேட்டது கேமராவைப் பற்றி. அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. புறப்பட ஆறு வாரம் இருக்கும்போதே கிளினிக்குக்குப் போய் வாருங்கள்.

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மலேசியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா அந்தச் சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. அதனால் ஊசி தேவையில்லை என்று இருந்துவிடாதீர்கள். கேட்பது நம் நாடு. மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகளில் கென்யாவும் ஒன்று. அதனால் திரும்பி வந்து கேஎல்ஐஏவில் இறங்கும்போது கடப்பிதழோடு தடுப்பூசிச் சான்றிதழான மஞ்சள் அட்டையும் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை முதல், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று விதி மாறிவிட்டது. அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 60 வயதுக்கு மேல் முதல்முறையாக இந்த ஊசி போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். வயதையும் முட்டை ஒவ்வாமையையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது மலேரியா. இதில் நமக்கு டிங்கி பழக்கிய பழக்கமே எதிரி. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் பகல் கொசு. பூச்சாடித் தண்ணீரைக் கொட்டுகிறோம், தாமானுக்குப் புகையடிக்க வந்தால் சன்னலைத் திறந்து வைக்கிறோம், இரவில் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸோ பொழுது சாய்ந்து விடியும்வரை கடிக்கும். சஃபாரி முகாமில் எல்லாரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே இருட்டுவதற்குள் முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டு, மிச்சம் தெரியும் தோலில் டீட் கலந்த கொசுவிரட்டிக் களிம்பைத் தடவிவிடுங்கள். படுக்கும்போது வலை. மலேரியாத் தடுப்பு மாத்திரையை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பிறகும் ஏழு நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் நான்கு வாரம். வீடு வந்து சேர்ந்ததும் நிறுத்திவிடும் மாத்திரை அல்ல இது.

திரும்பி இரண்டு வாரத்தில் காய்ச்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிள்ளானில் எந்தக் கிளினிக்கில் போய் உட்கார்ந்தாலும் முதலில் டிங்கியைத்தான் நினைப்பார்கள். இந்த ஊரில் அது நியாயமும்கூட. 'ஆப்பிரிக்கா போய் வந்தேன், மலேரியாவுக்கும் ரத்தம் பாருங்கள்' என்று நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் பரவலாக இருப்பது ஃபால்சிபாரம் வகை மலேரியா. ஓரிரு நாள் தாமதம்கூட உயிருக்கு உலை வைத்துவிடும். மூன்று மாதம் வரை எந்தக் காய்ச்சலுக்கும் இதைச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் வெட்டி வைத்துக்கொள்வதென்றால், இந்தப் பத்தியை வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டை கட்டுவது எளிது. நைரோபி ஏறக்குறைய நம் கெந்திங் உயரத்தில் இருக்கிறது. ஜூலையில் விடியற்காலை ஆறு மணிக்குத் திறந்த கூரை வண்டியில் போனால் பல் கிட்டும். குளிருக்கு ஒரு சட்டை கட்டாயம் வேண்டும். கறுப்பும் கருநீலமும் வேண்டாம், கடிக்கும் செட்சி ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வரும். மாசாய் மாராவுக்குச் சிறிய விமானத்தில் போவதென்றால் பெரும்பாலும் 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையில். பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய முறுக்கை நெகிழிப் பையோடு கொண்டுபோகாதீர்கள். கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து அந்தப் பைகளுக்குத் தடை. டப்பாவில் மாற்றிக்கொள்ளுங்கள். மின்செருகி மட்டும் நம்முடையதேதான், மூன்று சதுரக் கால்.

பத்துமலைப் படிகளில் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டி வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கையைச் சஃபாரியில் மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தீனிக்குப் பழகிய குரங்கு கூடாரத்தைப் பிரித்து உள்ளே வரும், கடிக்கும். கூடாரத்துக்குள் தின்பண்டம் வைக்காதீர்கள். சிங்கத்தின் பக்கத்தில் வண்டி நின்றால் உட்கார்ந்தபடியே பாருங்கள், பிள்ளைகளையும் மடியில் இருத்திக்கொள்ளுங்கள். வண்டி முழுவதும் அதன் கண்ணுக்கு ஒரே உருவம், யாராவது எழுந்து நின்றால் அந்த உருவம் கலைந்துவிடும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள்.

சைவக்காரர்கள் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முகாமுக்கு முன்கூட்டியே எழுதிவிட்டால் போதும். நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்குச் சாலை வழியாகப் போகிறவர்கள் வழியில் மக்கின்டு குருத்துவாரில் இறங்குங்கள். அதற்குப் பின்னால் ஒரு ரயில் கதை இருக்கிறது. மொம்பாசா ரயில்பாதை போட இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆள் கொண்டுபோனார்கள். 1898-இல் சாவோ ஆற்றுப் பாலத்தில் இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் அவர்களைக் கொன்று தின்றன. தண்டவாளத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் பிரிக்பீல்ட்ஸிலும் இருந்தன. சாவோ கதையைப் படிக்கும்போது எனக்கு நம் ஊர் ரயில்வே குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வராமல் போனதில்லை. மொம்பாசா பாதையில் வேலை பார்த்த சீக்கியர்கள் 1926-இல் மக்கின்டுவில் கட்டிய குருத்துவாரில் இன்றும் வழிப்போக்கர் யாருக்கும் சைவச் சாப்பாடு உண்டு, காசு கேட்பதில்லை. தலையை மூடிக்கொள்ள ஒரு துண்டு எடுத்துப் போங்கள்.

(தொடரும்)