இஜாராவும் இன்றைய வாடகைச் சட்டமும்

வீட்டு வாடகையை இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் 'இஜாரா' என்னும் தலைப்பின்கீழ் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஒரு பொருளின் பயனை விலைக்கு அளிக்கும் ஒப்பந்தம் அது. ஆகவே வாடகைத் தொகையும் காலமும் இரு தரப்பாருக்கும் ஐயமின்றித் தெரிந்திருத்தல் நிபந்தனையாகும். வீடு குடியிருக்கத் தகுதியிழந்தால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு.

இத்தெளிவின் அவசியத்தைச் சிவகாசி நன்கறியும். 2018 அக்டோபரில் பேரியம் உப்பு கலந்த பட்டாசுகளை உச்ச நீதிமன்றம் தடை செய்ததையடுத்து ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. கூலி நின்றுபோன குடும்பங்களுக்கும் வாடகை நாள் தவறாமல் வந்தது. அந்த வேளையில்தான், 22.2.2019 அன்று, தமிழகத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

முந்தைய 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை'யை அதிகாரி நிர்ணயிக்க வழியிருந்தது. இன்று ஒப்பந்தமே அளவுகோல். அது எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தம் வேறு விதமாகக் கூறாதவிடத்து, வாடகை உயர்வை மூன்று மாதங்களுக்கு முன்பே எழுத்து மூலம் அறிவித்தல் கடமை. கட்டடப் பழுதை நீக்க உரிமையாளர் மறுத்தால், வாடகைதாரரே அதனைச் செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டித்தல் கூடாது.

நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு: பதிவுபெற்ற வக்ஃபுக் கட்டடங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அவற்றில் குடியிருக்கும் ஏழைத் தொழிலாளிக்கு மேற்கூறிய பாதுகாப்புகள் இல்லை. எனவே, இஜாராவின் நிபந்தனைகளை எழுத்தில் வடித்து, ஒழுகும் கூரையைச் செப்பனிட்டுத் தரும் பொறுப்பு முத்தவல்லிகளையே சாரும்.