வடகம் மணந்த பிரெஞ்சு வீடுகள்!

சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை... எல்லாவற்றையும் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, வெயிலில் காய வைத்தால் தாளிப்பு வடகம் ரெடி. நம் மொட்டை மாடியில் காயும் இந்த வடகம்தான் பிரான்ஸில் 'வடுவான்' என்ற பெயரில் விற்கிறது. அதைப் பிரெஞ்சு மசாலா என்றே நம்பிச் சமைப்பவர்களும் உண்டு!

வடகம் கடல் தாண்டிய கதை, புதுச்சேரியின் அடுப்படிகளில் தொடங்குகிறது.

1674-ல் பிரான்சுவா மார்த்தேன் சிறு கூட்டத்தோடு இங்கே வந்து கம்பெனி வியாபாரத்தைத் தொடங்கினார். ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பல் பயணம். பிரெஞ்சுப் பெண்கள் வருவது அபூர்வம். வந்த ஆண்களில் பலர், மயிலாப்பூர் சாந்தோம் போன்ற இடங்களில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த போர்த்துகீசிய - இந்தியக் கலப்புக் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். அவர்களின் வாரிசுகள்தான் 'கிரியோல்'கள். தமிழில் 'சட்டைக்காரர்'.

மார்த்தேன் இறந்த அதே 1706-ல், இப்படி ஒரு வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பா ஆல்பெர்ட், கம்பெனியின் பிரெஞ்சு மருத்துவர். அம்மா போர்த்துகீசிய - இந்திய வழி வந்த ரோசா டி காஸ்ட்ரோ. குழந்தையின் பெயர் ழான். முதல் கணவரை இழந்த பிறகு, 1741-ல் டூப்ளேயை மணந்தார். அடுத்த ஆண்டே டூப்ளே புதுச்சேரி கவர்னர்!

கடற்கரையில் சிலையாக நிற்கும் டூப்ளே பாரிஸிலிருந்து உத்தரவு வாங்கியவர். ஊரின் பேச்சும் போக்கும் தெரிந்தவர் ழான்தான். தமிழ் பேசுவார். நவாபுகளுடன் கடிதப் போக்குவரத்து நடத்துவார். அவர்கள் மரியாதையாக அழைத்த பெயர் 'ழான் பேகம்'.

ஊரின் மொழி வந்தால் ஊர் மீது பரிவும் வந்துவிடுமா? 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, இன்றைய சம்பா கோயிலை ஒட்டி இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. அதில் மதாமின் பங்கை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் வேதனையோடு எழுதிவைத்தார். துபாஷ் பதவி விஷயத்தில் மதாம் தனக்கு எதிராக நின்ற கசப்பும் பிள்ளைக்கு உண்டு. அதைக் கழித்துவிட்டுப் படித்தாலும், இந்த மண்ணில் பிறந்த ஒரு பெண் இந்த மண்ணின் மக்களுக்குக் கொடுத்த வலி அந்தப் பக்கங்களில் மறையவில்லை.

1754-ல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். கூடவே போன ழான், இரண்டே ஆண்டுகளில் பாரிஸில் இறந்தார். 1761-ல் ஆங்கிலேயர் பிடித்த ஊர் தரைமட்டமானது. இன்று நாம் செல்ஃபி எடுக்கும் மஞ்சள் வீட்டு வீதிகள், 1765-லிருந்து திரும்ப எழுப்பப்பட்டவை.

கவர்னர்கள் வந்தார்கள், போனார்கள். கிரியோல் குடும்பங்கள் தங்கிவிட்டன. குமாஸ்தா, ஆசிரியர், ராணுவம் என்று சம்பளம் பிரெஞ்சு அரசிடமிருந்து வந்தது. சமையலுக்கு மீனும் தேங்காயும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருந்த சந்தையிலிருந்து வந்தன. மேஜையில் பிரெஞ்சு ரொட்டி, குழம்பில் வடகத் தாளிப்பு. கிறிஸ்துமஸுக்கு ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறிய பழங்களும் சேர்ந்த 'விவிக்கம்' கேக். அது இன்றும் புதுச்சேரி வீடுகளில் வேகிறது.

இப்படி இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தவர்களிடம், ஒரு நாள் சட்டம் வந்து 'எந்தப் பக்கம்?' என்று கேட்டது.

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் அமலானது. அதன்படி, இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லோரும் இந்தியர் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை தொடர வேண்டுமானால், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மணமாகாத, 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் சேர்த்து அப்பாவின் கையெழுத்தே முடிவு.

தாத்தாவின் தாத்தா பிரான்ஸிலிருந்து வந்தவரா, வில்லியனூரில் உழுதவரா என்று ஒப்பந்தம் பார்க்கவில்லை. பிறந்த ஊரையும் வசிக்கும் ஊரையும் மட்டுமே பார்த்தது. தலைமுறைகளாகப் பிரான்ஸைக் கண்ணால் பார்க்காத கிரியோல்களும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த தமிழர்களும் ஒரே கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது.

கிரியோல்களில் பலர் கப்பல் ஏறினார்கள். போன இடத்தில் குளிர், புது வேலை, புது அக்கம்பக்கம். 'பிரெஞ்சுக்காரர்' என்ற பெயரோடு போனவர்கள், அங்கே மறுபடி ஊருக்குப் புதியவர்கள் ஆனார்கள். வடகம் அவர்களோடு போனது.

பிரான்ஸ் அதிபர் தேர்தல் வந்தால் இன்றும் புதுச்சேரியில் வாக்குப்பதிவு நடக்கிறது. பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள்!