கிளிமூக்கு மாம்பழமும் ஒற்றைச் சந்தையும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மாந்தோப்புகளில் கிளிமூக்கு எனப்படும் தோதாபுரியே மிகுதி. உண்பதைவிடக் கூழாக்கவே இது பெரிதும் பயன்படுகிறது. ஆகவே உழவரின் வருவாய் கூழாலைகளின் வாயிலில் முடிவாகிறது.

இதன் இடரை 2025ஆம் ஆண்டு உணர்த்தியது. முந்தைய பருவத்துக் கூழ் விற்காமல் தேங்கியிருந்தது, விளைச்சலோ பெருகியது, விலை சரிந்தது. ஆலைகள் கிலோவுக்கு ரூ.8 தரவேண்டும் என்றும், தன் பங்காக ரூ.4 சேர்ப்பதாகவும் ஆந்திர அரசு அறிவித்தது. அடைத்து வைத்த கூழ் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கும். பழுத்த பழம் காத்திருக்காது.

எனவே, ஒரே வாயிலை நம்பியிராமல் வாங்குவோரைப் பெருக்குவதே வழி எனக் கருதுகிறோம். தோப்பின் ஒரு பகுதியில் பங்கனப்பள்ளி போன்ற உண்ணும் இரகங்களை மேலொட்டுக் கட்டலாம். காயை ஊறுகாயாக்கலாம், பழச்சாற்றை வெயிலில் உலர்த்தித் தாண்ட்ரா செய்யலாம். இத்தகைய சிறுதொழில்களுக்கென 2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் முறைப்படுத்தும் திட்டம், செலவில் 35 விழுக்காட்டை, ரூ.10 லட்சம் வரம்புக்குள், வங்கிக் கடனோடு இணைந்த மானியமாக அளிக்க வகைசெய்தது. இப்போதுள்ள விதிகளைக் கிளையில் கேட்டறிந்து, பூப்பூக்கும் காலத்திலேயே திட்டமிடுவது நலம். அறுவடை நாளில் பேரம் பேச நேரமிராது.