செம்பவாங் வெந்நீரூற்று: எரிமலைத் தொடர்பு குறித்த ஒரு விளக்கம்

வெந்நீரூற்று என்றவுடன் எரிமலையை நினைப்பது மாணவரிடையே மட்டுமன்றி ஆசிரியரிடையேயும் காணப்படும் இயல்பாகும். சிங்கப்பூரின் வட பகுதியில் அமைந்துள்ள செம்பவாங் வெந்நீரூற்றுப் பூங்கா, இக்கருத்தைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்கு ஏற்றதொரு களமாகும். அதனை நேரிற்கண்ட நிலையில், அவ்வூற்றின் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இவ்வூற்று 1909ஆம் ஆண்டில் நகராண்மைக் கழக அலுவலர் குட்டால் என்பவரால் கண்டறியப்பட்டது. 1920களில் ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனத்தார் இதன் நீரைப் புட்டிகளில் அடைத்து விற்றனர். சப்பானியர் ஆட்சிக்காலத்தில் இங்குக் குளியல் தொட்டிகள் அமைந்தன. 2020 சனவரியில் தேசியப் பூங்காக் கழகம் இதனைப் பூங்காவாகத் திறந்தது. ஏறத்தாழ 70 பாகை செல்சியசில் வெளிப்படும் நீர், படிப்படியான தொட்டிகளில் இறங்கிச் சுமார் 40 பாகைக்குத் தணிந்த பின்னரே மக்கள் அதில் கால் நனைக்கின்றனர். முட்டை அவிப்போரையும் கண்டோம்.

இனி நிலவியலுக்கு வருவோம். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட திரையாசிக் காலத்தில், கடலடித் தட்டொன்று இந்நிலப்பரப்பின் கீழ்ச் சரிந்து அமிழ்ந்தது. அதனால் எரிமலைத்தொடர் எழுந்தது. மேலே வராது ஆழத்திலேயே உறைந்த பாறைக்குழம்பு, புக்கிட் தீமா கருங்கல்லாயிற்று. மேலிருந்த எரிமலைகள் காலப்போக்கில் அரிக்கப்பட்டு மறைய, அடியிலிருந்த கருங்கல் வெளிப்பட்டது.

எனின், அப்பாறைக்குழம்பின் சூடே இன்றும் எஞ்சியுள்ளதா? இல்லை. அது என்றோ ஆறிவிட்டது. இன்றைய வெப்பம் புவியின் உட்பகுதியிலிருந்தும், கருங்கல்லில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவிலிருந்தும் வருவது. மழைநீர் பாறைப்பிளவுகள் வழியே ஆழத்திற்கு இறங்கிச் சூடேறி மீள்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வட்டாரத்தில் துளையிட்டபோது, 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 பாகை வெப்பம் பதிவாயிற்று. உலகச் சராசரிப்படி அவ்வாழத்தில் ஏறக்குறைய 80 பாகையே இருத்தல் வேண்டும்.

ஆகவே, பழைய எரிமலைக் காலம் செம்பவாங்கிற்கு அளித்தது பாறையையேயன்றித் தீயையன்று. இலங்கையின் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்றுகளுக்கும் அண்மையில் எரிமலை ஏதுமில்லை என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

செம்பவாங் என்பது மரமொன்றின் மலாய்ப் பெயர். அம்மரம், சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் நாம் காணும் புன்னையின் குடும்பத்தைச் சேர்ந்தது. மாணவரை இங்கு அழைத்துவரும் தமிழாசிரியர், அம்மரத்தில் தொடங்கி எரிமலை, பாறைக்குழம்பு, புவிவெப்பம் ஆகிய சொற்களின் வேறுபாட்டை ஊற்றின் அருகிலேயே உணர்த்தலாம். அவ்வேறுபாடு தெளிந்தால், அறிவியலைத் தமிழில் பிழையின்றிப் பேசும் பயிற்சியும் உடன் வாய்க்கும்.